என்எஃப்எல் ட்ராஃப்ட்: இத்தனை ஸ்கௌட் பார்த்தும் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தப்பாக எடை போடுவது ஏன்?

கோல்லைன்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுப்பதுதான் ட்ராஃப்ட். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் இதே பேச்சுதான், இந்த முறை ஒழுங்காகப் பேசித் தீர்ப்போம். 32 அணி, ஏழு ரவுண்டு, சுமார் 260 பேர். வருஷம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றி ஆட்களை எடை போடும் ஸ்கௌட்டுகள். இருந்தும் பின்னாளில் ஆகப் பெரிய குவாட்டர்பேக்குகளில் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்களில்) ஒருவரான டாம் பிராடி 2000ல் 199வது ஆளாகப் போனார். அவருக்கு முன்னால் ஆறு குவாட்டர்பேக்குகளை எடுத்திருந்தார்கள். அதில் 65வது இடத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்த ஜோவானி கார்மாஸி ஒரே ஒரு ரெகுலர் சீசன் ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை.

மறுபக்கம் 2007. ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் முதல் ஆளாக எடுத்த குவாட்டர்பேக் ஜமார்கஸ் ரஸ்ஸல் 25 ஆட்டங்களைத் தொடங்கி 7ல் ஜெயித்தார், 2010ல் வெளியே அனுப்பினார்கள்.

என் கட்சி இது: ட்ராஃப்டுக்கு முன்னால் ஓட வைத்துத் தாவ வைத்து எல்லாரையும் அளக்க இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஆட்டத்தைப் பார்க்க வேண்டியவர்கள் ஸ்டாப்வாட்சைப் பார்க்கிறார்கள். பிராடி 40 யார்டை 5.28 வினாடியில் ஓடினார், அதோடு அவர் கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள்.

ஃபார்ஹேஷ்

ஸ்டாப்வாட்ச் பாவம், அதை விடுங்க. கல்லூரியில் ஆடறதும் என்எஃப்எல்லில் ஆடறதும் பேரளவில்தான் ஒரே ஆட்டம். மைதானத்தில் போட்ட கோட்டிலிருந்தே வித்தியாசம் ஆரம்பிக்குது.

ரெண்டு இடத்திலும் மைதான அகலம் 160 அடி. ஆனா பந்தை வைக்கிற இடத்துக்கு எல்லை போடற ரெண்டு ஹேஷ் வரிசைக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்து இடது ஹேஷில் இருந்தா, வலது ஓரக்கோடு கல்லூரியில் 100 அடி தூரம். என்எஃப்எல்லில் 89 அடி 3 அங்குலம். கல்லூரியில் ஒரு பக்கம் வெட்டவெளி, இன்னொரு பக்கம் சந்து. வெட்டவெளியைக் காக்க டிஃபென்ஸ் ஆள் அனுப்பியே ஆகணும், அதனால் என்ன கவரேஜ்னு (யார் எதைக் காக்கிறாங்கன்னு) ஸ்னாப்புக்கு, அதாவது பந்து குவாட்டர்பேக் கைக்கு வர்றதுக்கு முன்னாலேயே பாதி வெளிச்சமாயிடும். என்எஃப்எல்லில் பந்து எப்பவும் நடுவை ஒட்டியே இருக்கும். கடைசியில் நின்னு காக்கிற ரெண்டு சேஃப்டியும் ஒரே ஆழத்தில் நிப்பாங்க, ஸ்னாப் ஆன பிறகு ஒருத்தர் கீழே இறங்குவார், ஒருத்தர் நடுவுக்குச் சுழல்வார். ஸ்னாப்புக்கு முன்னால் பார்த்தது பொய்யாகிடும். அதைக் கண்டுபிடிச்சு மனசை மாத்திக்கிற வேலை ஒரு கல்லூரி பையனோட ஃபிலிமில் (ஆட்டப் பதிவில்) ஒரு சீசனுக்கு எத்தனை தடவை வருது? எண்ணிப் பார்த்தா விரல் மிச்சமாகும்.

அடுத்தது லைன்மேன் விதி. பாஸ் போகும்போது, குவாட்டர்பேக்குக்கு முன்னால் தடுத்து நிக்கிற ஆஃபென்சிவ் லைன்மேன் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னேறி பிளாக் பண்ணலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ஓடுறதா வீசுறதான்னு பந்தைக் கையில் வெச்சுக்கிட்டே முடிவு பண்ற ஆர்பிஓ ஆட்டம் கல்லூரியில் அவ்வளவு சுலபமா ஓடறதுக்கு அந்த ரெண்டு யார்டு சலுகைதான் காரணம். டிஃபென்ஸின் ரெண்டாம் வரிசையில் நிக்கிற ஒரு லைன்பேக்கரைப் பார்த்தா போதும், அவர் ஓட்டத்துக்கு வந்தா அவர் தலைக்குப் பின்னால் பந்து. புள்ளிவிவரம் பளபளக்கும், படிச்சது என்னவோ ஒரே ஆளைத்தான்.

மூணாவது, பிளே (அடுத்த ஆட்டத் திட்டம்) கூப்பிடற முறை. கல்லூரியில் பல அணிகள் அவசரமா வந்து நிக்கும், டிஃபென்ஸ் அமைஞ்சதும் எல்லாரும் தலையைத் திருப்பி ஓரக்கோட்டைப் பார்ப்பாங்க, கோச் அட்டையோ சைகையோ காட்டுவார். அதாவது டிஃபென்ஸைப் படிச்சது கோச். என்எஃப்எல்லில் கோச் பேசற ஹெல்மெட் ரேடியோ பிளே கிளாக்கில் 15 வினாடி இருக்கும்போது அறுந்துடும். அதுக்கப்புறம் மைக் லைன்பேக்கர் (நடு லைன்பேக்கர்) யாருன்னு காட்டறது, தடுக்கிறவங்களோட புரொடெக்‌ஷனைத் திருப்பறது, பிளே சரிப்படலைன்னா மாத்தறது எல்லாம் களத்தில் நிக்கிறவங்க பொறுப்பு. 2024லிருந்து கல்லூரி மேல்நிலை அணிகளுக்கும் ரேடியோ வந்திருக்கு, போகப்போக ஃபிலிம் மாறலாம். அதுக்கு முந்தைய இருபது வருஷ ஃபிலிமில் இந்தத் திறமைக்குச் சாட்சியே கிடையாது. சாட்சி இல்லாத இடத்தில் ஸ்கௌட் ஊகிக்கிறார், அந்த ஊகத்துக்கும் ஒரு நம்பர் போட்டுக் கொடுக்கச் சொல்றாங்க.

வலதுடேக்கிள்

லைன்மேன் பாடு இதைவிட மோசம். ஆட்களைப் பரப்பி நிறுத்தும் ஸ்ப்ரெட் ஆஃபென்ஸில் டேக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்பவர்) எப்போதும் கை தரையில் ஊன்றாமல் நிமிர்ந்தே நிற்பார், பந்து 2 வினாடிக்குள் போய்விடும். என்எஃப்எல்லில் 3 வினாடி பிடித்து நிறுத்த வேண்டும், மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சியில் மூன்றாவதில்) எதிரே நிற்பவர் மூன்று விதமாக உள்ளே வருவார். ஃபிலிமில் சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) பூஜ்யம் என்றால் பாஸ் பிளாக்கிங் தெரியும் என்று அர்த்தமில்லை. பந்தை எத்தனை வினாடி வைத்திருந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

1989ஐயும் சொல்லியாக வேண்டும். டிராய் எய்க்மேன், டோனி மாண்டரிச், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். முதல் ஐந்து பேரில் நால்வர் ஹால் ஆஃப் ஃபேம், இரண்டாவதாக கிரீன் பே எடுத்த டேக்கிள் மாண்டரிச் மட்டும் இல்லை. கல்லூரியில் ஸ்டீராய்டு பயன்படுத்தியதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அளந்த உடம்பே பொய்யென்றால் எந்த ஸ்கௌட் என்ன செய்வார்?

கணக்குப்பிள்ளை

கோல்லைன், உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. "40 யார்டு நேரத்துக்கும் பின்னால் ஆடிய ஆட்டத்துக்கும் சம்பந்தம் குறைவு" என்று கணக்குக் காட்டுகிறார்களே, யாரை வைத்துப் போட்ட கணக்கு? உள்ளே வந்தவர்களை வைத்து. 5.0 வினாடி ஓடும் கார்னர்பேக் (எதிரணியில் பந்து பிடிப்பவரைக் காப்பவர்) அந்தக் கணக்கில் வரவே மாட்டார், வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். மெதுவாக ஓடியும் ஒருவரை எடுத்தார்கள் என்றால் அவரிடம் வேறு ஏதோ ஒன்று அசாத்தியமாக இருந்திருக்கிறது. 2003ல் பந்தைப் பிடிக்கும் ரிசீவரான அன்குவான் போல்டின் 4.7 சொச்சம் ஓடி 54வது ஆளாகப் போய், முதல் சீசனிலேயே 101 பந்துகளைப் பிடித்தார். 2017ல் 4.62 ஓடிய கூப்பர் கப் 69வது. 2021ல் 145 கேட்ச், 1,947 யார்டு. அதே 2017 கம்பைனில் 4.22 ஓடி 9வதாகப் போன ஜான் ராஸை சின்சினாட்டி ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். இப்படி வடிகட்டிய கூட்டத்துக்குள் அளந்தால் வேகம் ஒன்றுமில்லாதது போலத்தான் தெரியும். வேகம் தேவையில்லை என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

பெரிய தவறு வேறு இடத்தில் நடக்கிறது. ஒரே ஆட்டக்காரருக்கு 32 அணிகள் மதிப்பெண் போடுகின்றன. சில அணி கூடுதலாகப் போடும், சில குறைவாக. அவரை எடுப்பது யார்? பெரும்பாலும் கூடுதலாகப் போட்ட அணி. எல்லா ஸ்கௌட்டும் சராசரியில் சரியாகவே கணித்தாலும், எடுத்த அணியின் கணிப்பு மட்டும் மேல்பக்கம் சாய்ந்திருக்கும். ஏலத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன் அதற்கு ஆக அதிக விலை சொன்னவன் என்பது மாதிரி.

கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் (பின்னால் நோபல் வாங்கிய அதே தேலர்) ட்ராஃப்டை ஆராய்ந்தபோது, ஒரே பொசிஷனில் முதலில் எடுத்தவர் அடுத்து எடுத்தவரைவிடச் சிறந்தவராக அமைந்தது சுமார் 52 சதவீதம். காசு சுண்டினால் 50. இதைத் தெரிந்துகொண்டும் வரிசையில் மேலே ஏறப் பிக்குகளை (ஆள் எடுக்கும் உரிமைகளை) வாரிக் கொடுக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கௌபாய்ஸில் ஜிம்மி ஜான்சன் காலத்தில் வந்த மதிப்புப் பட்டியலில் முதல் பிக்குக்கு 3,000 புள்ளி, 12வதுக்கு 1,200, 32வதுக்கு 590. முதல் ஆள் 32வது ஆளைவிட ஐந்து மடங்கு மதிப்பு என்கிறது அந்தச் சரிவு. ஆட்டத்தில் அந்த அளவு சரிவு தெரிவதே இல்லை.

கோல்லைன்

சரி, வடிகட்டின கூட்டம் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பிராடி விஷயத்தில் "ஃபிலிமில் சாட்சி இல்லை" என்பது செல்லாது. 2000 ஜனவரி 1, ஆரஞ்ச் பௌல் ஆட்டம், பிராடியின் மிச்சிகனுக்கு எதிரே அலபாமா. இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கி, 369 யார்டு, 4 டச்டவுன், ஓவர்டைமில் 35-34. ட்ராஃப்டுக்கு மூன்றரை மாதம் முன்னால் நாடே பார்த்த ஆட்டம் அது.

ஃபார்ஹேஷ்

சாட்சி இருந்துச்சு, அதை அமுக்கின வேறொரு சாட்சியும் பக்கத்திலேயே இருந்துச்சு. 1999 சீசனில் மிச்சிகன் கோச் லாய்ட் கார் பல ஆட்டங்களில் முதல் கால்பகுதிக்கு பிராடி, ரெண்டாவதுக்கு ட்ரூ ஹென்சன், அப்புறம் யார் நல்லா ஆடறாங்களோ அவங்கன்னு வெச்சிருந்தார். "தினமும் பயிற்சியில் பார்க்கிற கோச்சே இவரை முழுசா நம்பலையே"ன்னு ஸ்கௌட் எழுதினா அதில் தர்க்கம் இருக்கு. ஆனா அது கடன் வாங்கின கருத்து. ஹென்சன் ஊரே எதிர்பார்த்த பையன், அவருக்கு வாய்ப்பு கொடுத்தாகணும்கிற நெருக்கடி கோச்சுக்கு. அது பிராடியோட கையைப் பத்தியோ கண்ணைப் பத்தியோ எதுவும் சொல்லலை.

இன்னொண்ணு: பிராடியை நியூ இங்கிலாந்து கண்டுபிடிச்சாங்கன்னு புகழ்றோமே, அவங்களே அந்த ட்ராஃப்டில் ஆறு பேரை எடுத்துட்டுத்தான் ஏழாவதா அவரை எடுத்தாங்க.

ஏரியாரிப்போர்ட்

இத்தனை பேர் பேசியும் "ஸ்கௌட்" என்று ஒரே ஆளைச் சொல்வது போலப் பேசுகிறீர்கள். நடைமுறை எப்படி என்று பார்த்தால் தப்பு எந்தக் கையில் நடக்கிறது என்று புரியும்.

வசந்தத்தில் பெரும்பாலான அணிகள் பிளெஸ்டோ, நேஷனல் என்ற இரண்டு கூட்டுச் சேவைகளில் ஒன்றிடமிருந்து அடுத்த வருஷத்து சீனியர்கள் பட்டியலையும் ஆரம்ப மதிப்பெண்ணையும் வாங்குகின்றன. ஆகஸ்டிலிருந்து, ஒரு வட்டாரத்தைக் கவனிக்கும் ஏரியா ஸ்கௌட் கல்லூரி கல்லூரியாகப் போகிறார். அதே ஆளை மறுபடி பார்த்துச் சரிபார்க்க கிராஸ்செக்கர் ஒருவர் வருவார். டிசம்பரில் கூட்டம், ஜனவரி கடைசியில் மொபீலில் சீனியர் பௌல் (கடைசி வருஷக் கல்லூரி ஆட்டக்காரர்களின் ஆட்டம்), பிப்ரவரி கடைசியில் கம்பைன், மார்ச்சில் கல்லூரிகள் தங்கள் இடத்திலேயே ஆட்களை ஓடவிட்டுக் காட்டும் புரோ டே. ஒவ்வொரு அணியும் 30 பேரை நேரில் வரவழைத்துப் பேசலாம். கடைசியில் அணியின் வரிசைப் பட்டியலான போர்டில் நிற்பது சுமார் நூற்றைம்பது பெயர்.

இதில் மூன்று இடத்தில் சறுக்கல். முதலாவது, ஆரம்ப மதிப்பெண் ஒட்டிக்கொள்கிறது. வசந்தத்தில் "ஏழாம் ரவுண்டு" என்று குறித்த பையன் இலையுதிர் காலத்தில் எவ்வளவு ஆடினாலும் நாலாம் ரவுண்டுக்கு மேலே ஏறத் திணறுவான். பட்டியலில் கீழே இருப்பவனைப் பார்க்க ஸ்கௌட் ஒரு நாள்தான் ஒதுக்குவார். மேலே இருப்பவனுக்கு நாலு பேர் போவார்கள்.

இரண்டாவது, ஜனவரிக்குப் பிறகு யாரும் ஆட்டமே ஆடுவதில்லை, ஆனால் மதிப்பெண் அப்போதுதான் அதிகமாக ஆடுகிறது. 1995ல் பாஸ்டன் காலேஜ் மைக் மமுலா கம்பைன் பயிற்சிகளுக்கென்றே தயாராகி வந்து கலக்கினார். ஃபிலடெல்ஃபியா 12லிருந்து 7க்கு ஏறி அவரை எடுத்தது. அந்த 12ல் டாம்பா பே எடுத்தது வாரன் சாப்பை. மமுலா ஒன்றும் உதவாக்கரை இல்லை, 31.5 சாக் எடுத்திருக்கிறார். ஆனால் சாப் ஹால் ஆஃப் ஃபேம். புரோ டே நேரத்தில் இன்னொரு சிக்கல்: கையால் அழுத்தும் கடிகாரம். எலக்ட்ரானிக் நேரத்தைவிட 0.1 முதல் 0.2 வினாடி வரை வேகமாகக் காட்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் எல்லாரும் ஒரு படி வேகமாகிவிடுவார்கள்.

மூன்றாவது, ஸ்கௌட் எழுதினதும் போர்டில் ஒட்டினதும் ஒன்றாக இருப்பதில்லை. தலைமைக் கோச்சுக்கு இந்த வருஷமே ஆள் வேண்டும், ஜெனரல் மேனேஜருக்கு வேலை நிற்க வேண்டும், உரிமையாளருக்குப் பெயர் தெரிந்த குவாட்டர்பேக் வேண்டும். ஏரியா ஸ்கௌட்டின் "எச்சரிக்கை" வரி அந்தக் கூட்டத்தில் யார் காதிலும் விழாது.

மூளைச் சோதனைகளும் அப்படித்தான். 12 நிமிஷத்தில் 50 கேள்வி வொண்டர்லிக்கைப் பல பத்தாண்டு வைத்திருந்துவிட்டு 2022ல் கம்பைனிலிருந்து எடுத்தார்கள். 2023ல் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட் எஸ்2 சோதனையில் மிகக் குறைவாக வாங்கினார் என்று கசிந்தது. அந்த சீசனில் தாக்குதல் பக்கச் சிறந்த புதுமுகம் அவர்தான்.

வலதுடேக்கிள்

எடுத்த பிறகு கெடுப்பதும் உண்டு. 2008ல் ஜெட்ஸ் 6வதாக எடுத்த வெர்னன் கோல்ஸ்டன் ஒஹாயோ ஸ்டேட்டில் கை ஊன்றி நிற்கும் டிஃபென்சிவ் எண்ட், கடைசி சீசனில் 14 சாக். ஜெட்ஸ் அவரை 3-4 அமைப்பில் (முன்வரிசையில் மூவர், பின்னால் நாலு லைன்பேக்கர்) நின்றபடி ஆடும் லைன்பேக்கராக மாற்றியது. மூன்று சீசனில் சாக் பூஜ்யம். அவரிடமும் ஒரே ஒரு வேகப் பாய்ச்சலைத் தவிர இரண்டாவது வித்தை இல்லை என்பது ஃபிலிமிலேயே தெரிந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் வேலையையே மாற்றிக் கொடுத்துவிட்டு ஸ்கௌட் தப்பென்றால் எப்படி?

கணக்குப்பிள்ளை

இது என் 52 சதவீதக் கணக்கையும் குழப்பும் விஷயம். நாம் அளப்பது ஆட்டக்காரரை மட்டும் இல்லை, அவர் போய்ச் சேர்ந்த வீட்டையும் சேர்த்து. 2018ல் 3வதாகப் போன குவாட்டர்பேக் சாம் டார்னல்ட் ஜெட்ஸில் தோல்வி என்று முத்திரை வாங்கினார். 2024ல் மினசோட்டாவில் அவரோடு அணி 14 ஆட்டம் ஜெயித்தது. அதே ட்ராஃப்டின் முதல் ஆள் பேக்கர் மேஃபீல்ட், கிளீவ்லாண்டில் முடிந்த கதை, டாம்பாவில் மறுபடி தொடங்கியது. அந்த ஸ்கௌட் ரிப்போர்ட்டுகள் தப்பா, சரியா? 2020ல் ஒரு பதில், 2024ல் வேறு பதில்.

2017ல் சிகாகோ எடுத்த குவாட்டர்பேக் மிட்செல் ட்ரபிஸ்கி 2வது, பாட்ரிக் மஹோம்ஸ் 10வது. மஹோம்ஸ் கான்சாஸ் சிட்டியில் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு வருஷம் உட்கார்ந்து கடைசி ஆட்டம் ஒன்றை மட்டும் தொடங்கினார். அடுத்த சீசனில் 50 டச்டவுன் பாஸ், சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்விபி. முதல் ஞாயிறிலிருந்தே சிகாகோவில் தள்ளியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாருக்கும் கணக்கு வராது.

கோல்லைன்

இடம், இடம் என்று போனால் ஸ்கௌட்டுக்கு விடுதலைப் பத்திரம்தான். ட்ரபிஸ்கி கல்லூரியில் தொடங்கியது 13 ஆட்டம். 2021ல் சான் ஃபிரான்சிஸ்கோ மூன்று முதல் ரவுண்டு பிக்கைக் கொட்டி 3வதாக எடுத்த ட்ரே லான்ஸ் நார்த் டகோட்டா ஸ்டேட்டில் 17, அதிலும் 2020ல் ஒன்றே ஒன்று. ஆந்தனி ரிச்சர்ட்சன் 2023ல் 4வது, ஃப்ளோரிடாவில் 13 ஆட்டம், கடைசி சீசனில் பாஸ் துல்லியம் 53.8 சதவீதம். என்எஃப்எல்லில் 2024ல் 47.7. இங்கே எந்த வீட்டைக் குறை சொல்வது? சோற்றுப் பானையில் ஒரு பருக்கை பதம் பார்க்கலாம். குவாட்டர்பேக்கை அப்படிப் பார்க்க முடியாது.

லான்ஸை வைத்திருந்த அதே அணிக்குச் சரியான குவாட்டர்பேக்காகக் கடைசியில் கிடைத்தது 2022ன் 262வது பிக், ட்ராஃப்டின் கடைசி ஆள் பிராக் பர்டி. அயோவா ஸ்டேட்டில் நாலு வருஷம் ஆடியவர்.

ஃபார்ஹேஷ்

இதில் நான் உங்க பக்கம். 13 ஆட்டம்னா சுமார் 400 பாஸ். அதில் ஸ்க்ரீன் (லைனுக்குப் பின்னாலேயே கொடுக்கிற குட்டிப் பாஸ்), ஆர்பிஓ, முதல் ஆளுக்கே போனது எல்லாம் கழிச்சா கையில் நிக்கிறது நூறுகூட தேறாது. ஆனா எதிர் உதாரணமும் வெச்சுக்கோங்க: ஜோஷ் ஆலன் வயோமிங்கில் 56 சதவீதம்தான், 7வதா எடுத்த பஃபலோவுக்கு அவர் தங்கம். ஒரு ஆலன் ஜெயிச்சதால் அப்புறம் வந்த ஒவ்வொரு பெரிய கைக்கும் "அடுத்த ஆலன்"னு பேர் வெச்சாங்க. அந்த ஒப்பீடுதான் இப்ப இருக்கிற பெரிய வியாதி.

புதுரசிகன்

அண்ணா, ஒரு சந்தேகம். நாங்க வீட்டில் உட்கார்ந்து ஒரு கல்லூரி குவாட்டர்பேக்கை ஓரளவு சரியா பார்க்கணும்னா எப்படி ஆரம்பிக்கிறது? டிவி ஒளிபரப்பு போதுமா?

ஃபார்ஹேஷ்

போதாது தம்பி. ஒளிபரப்பில் சேஃப்டி திரைக்கு வெளியே நிப்பார், குவாட்டர்பேக் எதைப் பார்த்து முடிவு பண்ணார்னே தெரியாது. 22 பேரும் தெரியற உயரக் கோணம் கிடைக்கிற ஆட்டமா தேடு.

நாலு ஆட்டம் எடு. அந்த சீசனில் சந்திச்ச பலமான டிஃபென்ஸ் ஒண்ணு, அவர் மோசமா ஆடினது ஒண்ணு, மிச்ச ரெண்டும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்தது. சிறப்புத் தொகுப்பு வீடியோ பக்கமே போகாதே. ஆட்டத்துக்கு 30 பாஸ்னு வெச்சா 120. ஸ்க்ரீன், ஆர்பிஓ, முதல் ஆள் தனியா நின்னு வாங்கினது எல்லாத்தையும் அடிச்சிடு. மிச்சத்தை ரெண்டாப் பிரி: காலடியில் ஆள் இருந்தது, இல்லாதது. ஆள் இருந்தப்போ அவர் பார்வை கீழே இறங்கி, பாய்ஞ்சு வர்ற ரஷ்ஷைப் பார்க்குதா, இல்ல மேலேயே நிக்குதான்னு மட்டும் குறி.

மூணாவது டவுன், 7 யார்டு அதுக்கு மேல, தனி அட்டவணை. எல்லாருக்கும் பாஸ்தான்னு தெரியற இடம் அது, என்எஃப்எல்லுக்கு ரொம்பக் கிட்ட வர்றதும் அதுதான். டிஃபென்டர் கையில் பட்டுக் கீழே விழுந்த பந்தை, எதிராளி பிடிச்சுட்ட இன்டர்செப்‌ஷன்னே எண்ணு.

கம்பைனுக்கு முன்னாடி உன் மதிப்பெண்ணை எழுதி வெச்சிடு. அங்கே ஒரு நம்பர் அதிர்ச்சியா வந்தா மதிப்பெண்ணை மாத்தாதே, ஃபிலிமுக்குத் திரும்பிப் போய் அந்த வேகமோ வேகக்குறைவோ ஆட்டத்தில் எங்கே தெரிஞ்சதுன்னு தேடு. தெரிஞ்சா மட்டும் மாத்து. 2019ல் ரிசீவர் டிகே மெட்கால்ஃப் 4.33 ஓடினார், மூணு கூம்புப் பயிற்சியில் 7.38, குவாட்டர்பேக் லெவல். அந்த ஒரு எண் பேச்சாகி, 64வது வரைக்கும் இறங்கினார். நேரா ஓடி வெட்டறதுதான் அவர் வேலை, சுத்திச் சுத்தித் திரும்பறது இல்லன்னு ஃபிலிமே சொல்லுச்சு.

வலதுடேக்கிள்

ரிசீவருக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரே ஆள் முட்டி நிற்கும் பிரஸ் ஸ்னாப்புகளை மட்டும் தனியாக எண்ண வேண்டும். அதே 2019ல் நியூ இங்கிலாந்து 32வதாக எடுத்த என்கீல் ஹாரி, ஆளோடு மல்லுக்கட்டிப் பந்தைப் பறிப்பதில் பெயர் வாங்கியவர். ஏன் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டி வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். விலகி ஓட முடியவில்லை, அதனால்தான். அவருக்குப் பின்னால் டீபோ சாமுவேல் 36, ஏ.ஜே. பிரௌன் 51, மெட்கால்ஃப் 64, டெரி மெக்லாரின் 76.

புதுரசிகன்

லைன் நடுவில் நின்னு பந்தைப் பின்னால் கொடுக்கிற சென்டருக்கும் இதே மாதிரி வழி இருக்கா? யார் யாரைத் தடுக்கணும்னு அவர் கூப்பிடறது ஃபிலிமில் கேட்காதே.

வலதுடேக்கிள்

கேட்காது, விளைவு தெரியும். நடு இரண்டு சந்தில் யாராவது தடையே இல்லாமல் உள்ளே வந்தார்களா என்று பாருங்கள். வந்திருந்தால் அதற்கு முந்தைய வினாடியில் சென்டர் எந்தப் பக்கம் கை காட்டினார், பக்கத்தில் நிற்கும் கார்டு எந்தப் பக்கம் நகர்ந்தார் என்று நிறுத்திப் பாருங்கள். இருவரும் எதிரெதிர்ப் பக்கம் போயிருந்தால் அழைப்பில் கோளாறு. ஒரே பக்கம் போய் அந்தப் பக்கத்திலேயே ஆள் தப்பியிருந்தால் காலில் கோளாறு. காலைச் சரி செய்ய ஒரு கோடைக்காலம் போதும், மற்றதற்கு இரண்டு மூன்று சீசன் ஆகும்.